தனியாக வாழும் மூத்தவரின் செலவு: ‘பெலாஞ்சாவான்கு’ வழிகாட்டி பற்றி

அப்பா இறந்த பிறகு கோலாலம்பூரின் செந்தூல் பகுதியிலுள்ள பிளாட் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று பிள்ளைகள் மூவரும் உட்கார்ந்து பேசியபோது, ஆளுக்கொரு தொகையைச் சொன்னோமே தவிர, அந்தத் தொகை எப்படி வந்தது என்று எங்களில் யாராலும் விளக்க முடியவில்லை. மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூக நல ஆய்வு மையமும் இணைந்து தயாரிக்கும் ‘பெலாஞ்சாவான்கு’ என்ற செலவு வழிகாட்டியை அப்போதுதான் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். 2019இல் கோலாலம்பூரும் அதைச் சுற்றியுள்ள நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கென வெளிவந்து, பிறகு மற்ற நகரங்களுக்கும் விரிவடைந்த இந்த இலவச வழிகாட்டியை ஓராண்டாக அம்மாவின் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டு வருகிறேன்.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, புள்ளிவிவரத் துறையின் குடும்பச் செலவின ஆய்வைப் பார்த்தால் போதும். மலேசியக் குடும்பம் ஒன்றின் சராசரி மாதச் செலவு 2019இல் 4,534 ரிங்கிட்டாகவும் 2022இல் 5,150 ரிங்கிட்டாகவும் இருந்ததாக அது சொல்கிறது. நாட்டின் போக்கை அறிய அது நம்பகமான ஆய்வுதான். ஆனால் அங்கே கணக்கிடப்படுவது குடும்பம். மகன் வீட்டில் வாழும் பாட்டியின் மருந்துச் செலவும் பேரனின் பால்மாவுச் செலவும் ஒரே தொகைக்குள் போய்விடுகின்றன. பெலாஞ்சாவான்கு மூத்த தம்பதியரையும் தனியாக வாழும் மூத்தவரையும் தனித்தனிக் குடும்பங்களாக எடுத்துக்கொண்டு, உணவு, போக்குவரத்து, வீடு, மருத்துவம், சமூக ஈடுபாடு என்று பிரித்துக் கணக்கிடுகிறது. எனக்கு இதன் மீது மதிப்பு ஏற்பட்டதற்கு அதுவே முதல் காரணம்.

2019 பதிப்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் மூத்த தம்பதியருக்கு மாதம் 3,090 ரிங்கிட் என்றது. 2024/2025 பதிப்பில் அதே வட்டாரத்தில் தனியாக வாழும் மூத்தவருக்கு 2,690 ரிங்கிட். ஆண்டுகள் வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றை நேராகக் கழிக்கக் கூடாது. ஆயினும், இடைப்பட்ட காலத்தின் விலையேற்றத்தை எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும், இருவருக்கான செலவில் பாதி ஒருவருக்குப் போதும் என்ற கணக்கு இங்கே பொருந்தவே இல்லை. நாங்கள் மூவரும் செய்த தவறு அதுதான்: அப்பா இருந்தபோது ஆன செலவை இரண்டாக வகுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

அம்மா தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் செலவை எழுதி வைப்பார். அந்தத் தாள்களை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26 ரிங்கிட் 60 காசு. முன்பு ஐந்து வாரத்தில் தீர்ந்தது இப்போது ஏழு வாரம் வருகிறது. சமையல் ஒருவருக்காக இருந்தாலும் அடுப்பு எரியத்தானே வேண்டும்! பிளாட்டின் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு காசும் குறையவில்லை. மின்விசிறியும் குளிர்பெட்டியும் முன்போலவே ஓடுகின்றன. மருத்துவமனைக்குப் போக அப்பா வண்டி எடுத்த காலம் போய், இப்போது கிராப் வாடகைக் கார் பிடிக்க வேண்டியிருப்பதால், போக்குவரத்துச் செலவு கூடவே செய்திருக்கிறது.

தாள்களில் திரும்பத் திரும்ப வந்த இன்னொரு சொல் ‘மொய்’. திருமணம், காதணி விழா, கருமக்கிரியை என்று மாதத்தில் இரண்டு, மூன்று இருக்கும். ஐம்பது ரிங்கிட்டுக்குக் குறைத்து வைக்க அம்மாவுக்கு மனம் வராது. அவற்றைத் தேவையற்ற செலவு என்று என் தம்பி அடித்துவிடப் பார்த்தான். சமூக ஈடுபாட்டை வழிகாட்டி ஒரு தனி வகையாகவே வைத்திருப்பதைக் காட்டிய பிறகுதான் அவன் ஒப்புக்கொண்டான். நாலு பேரைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது ஒரு முதியவருக்கு நல்ல வாழ்க்கை ஆகாது என்பதை இதைத் தயாரித்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

சேமநிதிச் சேமிப்பைத் திட்டமிடுவோருக்கும் இந்தத் தொகை அடிப்படையானது. 2,690 ரிங்கிட்டை ஓய்வுக்காலத்தின் 20 ஆண்டுகளுக்கான 240 மாதங்களால் பெருக்கினால் 645,600 வருகிறது. வாரியம் ‘போதுமான சேமிப்பு’ என்று வகுத்துள்ள 650,000 ரிங்கிட் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே.

குறைகளும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே தொகை என்பதால், செந்தூலில் சொந்த வீடு உள்ளவருக்கும் பெட்டாலிங் ஜெயாவில் வாடகைக்கு இருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நாமேதான் சரிசெய்துகொள்ள வேண்டும். படுக்கையில் விழுந்து, ஆள் வைத்துக் கவனிக்கும் நிலை வந்தால் இந்தத் தொகையை நம்பித் திட்டமிட முடியாது. நான் மலாய்ப் பதிப்பைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லித்தான் அம்மாவுக்கு விளக்கினேன். தமிழ்ப்பள்ளியில் படித்த அவர் தலைமுறை தானே எடுத்துப் படிக்கத் தமிழில் ஒரு சுருக்கப் பதிப்பு வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஐம்பதுகளில் இருக்கும் தம்பதியர் தங்களுக்கான பக்கத்தோடு நிறுத்திவிடாமல், தனியாக வாழும் மூத்தவருக்கான பக்கத்தையும் அருகில் வைத்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெற்றோருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.