செயின்ட் பாலில் குப்பை வண்டி மாறிய கதை: ஏழாண்டு அனுபவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள செயின்ட் பாலில் நாங்கள் வீடு வாங்கிய வாரமே, "குப்பைக்கு யாரை வைத்திருக்கிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். எனக்குப் புரியவில்லை. பால்காரரை வைத்துக்கொள்வதுபோல் குப்பை அள்ளும் கம்பெனியையும் நாமே தேடிப்பிடிக்க வேண்டிய ஊர் இது என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து ஊரான மினியாபொலிசில் இந்தத் தேடல் கிடையாது. அங்கே பல பத்தாண்டுகளாக மாநகராட்சியே ஏற்பாடு செய்கிறது.

எங்கள் பின்சந்தில் பதினான்கு வீடுகள், நான்கு கம்பெனிகள். வாரத்தில் நான்கு நாள் காலையில் ஏதாவது ஒரு வண்டி உறுமிக்கொண்டு வரும். கோடையில் சத்தத்தோடு போய்விடும், குளிர்காலத்தில்தான் பாடு. இந்த ஊரில் பின்சந்துப் பனியை நகராட்சி தள்ளித் தருவதில்லை; நாங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து ஆள் வைக்கிறோம். அந்தப் பாதையில் கனரக வண்டிகள் மாறி மாறி ஏறி, தடம் பள்ளமாகி, இரவில் உறைந்து கல்லாகிவிடும். காலையில் கார் சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளும்.

விலையும் ஒரே மாதிரி இல்லை. அதே அளவுத் தொட்டிக்கு எதிர்வீட்டுக்காரர் என்னைவிடக் குறைவாகக் கட்டினார். காரணம் கேட்டேன். வருடம் ஒருமுறை போன் செய்து, "வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பாராம்; உடனே குறைப்பார்களாம். கேட்கத் தெரியாதவர்கள் முழு விலை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2018 அக்டோபரில் இது மாறியது. ஊரில் ஏற்கெனவே குப்பை அள்ளிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒரு கூட்டாகச் சேர்ந்து நகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டன. ஒரு பகுதிக்கு ஒரு கம்பெனி. நான்கு குடித்தனம் வரையுள்ள கட்டடங்கள் எல்லாம் இதற்குள் வந்தன. தொட்டிகள் 35, 64, 96 கேலன் (ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்) என மூன்று அளவு. எங்களுக்குச் சிறியதே போதும் என்று எடுத்தோம். அதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளும் மலிவான திட்டமும் உண்டு, ஆனால் மீன் சமைக்கும் வீட்டுக்கு ஜூலை மாதத்தில் அது சரிப்படாது. வாரம் ஒருமுறை வைத்துக்கொண்டோம். இன்றும் மீன் கழிவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, வண்டி வரும் காலையில்தான் வெளியே கொண்டுபோகிறேன்.

முதல் குளிர்காலத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஒரே நாள், ஒரே வண்டி. தடப் பள்ளம் வெகுவாகக் குறைந்தது. ஆண்டுக்கு 2, 3 பெரிய பொருட்களைக் கட்டணத்துக்குள்ளேயே எடுத்துப்போனதால் பழைய சோபாவை முறையாக ஒப்படைத்தோம். முன்பெல்லாம் யாரோ இரவோடு இரவாக எங்கள் சந்தில் மெத்தையைப் போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது அப்படி ஒன்றைப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

என் மனத்தை உறுத்தியது வேறு. மூன்றாவது வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார். காய்கறித் தோல் அத்தனையும் தோட்டத்து எருவுக்குப் போய்விடும். மாதம் ஒரு சிறு பை மிஞ்சினால் அதிகம். அதை எங்கள் தொட்டியில்தான் போடுவார். குப்பைக்கென்று ஒரு காசு கட்டியதில்லை. 2018இல் வந்த முறையில் தொட்டியைப் பங்கிட்டுக்கொள்ள இடமிருக்கவில்லை, வேண்டாம் என்று விலகவும் முடியவில்லை. காலித் தொட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு பில் வரத் தொடங்கியது. நான்கு குடித்தன வீடுகளின் சொந்தக்காரர்களும் இதே கோபத்தில் இருந்தார்கள்: ஒரு பெரிய தொட்டி போதுமான இடத்தில் நான்கு தொட்டி, நான்கு கட்டணம்.

ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு, ஊர் வாக்கெடுப்பு கேட்டார்கள். நகர மன்றம் மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டும் என்று 2019 ஆகஸ்டில் உத்தரவானது. முறை தோற்றாலும் ஒப்பந்தப் பணம் கொடுத்தாக வேண்டும், அது சொத்து வரியிலிருந்து வரும் என்று நகராட்சி சொன்னது. அந்த நவம்பரில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் புதிய முறையை ஆதரித்தார்கள். நானும் ஆதரித்துத்தான் வாக்களித்தேன். மூதாட்டி எதிர்த்து. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தேதான் போட்டேன். அந்தச் சங்கடம் இன்னும் போகவில்லை.

2025 ஏப்ரலில் அடுத்த கட்டம். இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே ஒப்பந்ததாரர், சுமார் பத்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு நகராட்சியின் சொந்த வண்டிகள். நகராட்சியிடமே சில வண்டிகள் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். அள்ள உண்மையில் என்ன செலவாகிறது என்று தெரிந்தவரிடம் ஒப்பந்தக்காரர் இஷ்டத்துக்கு விலை சொல்ல முடியாது. சிறு கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்துபோனதில் எனக்கு வருத்தம்தான். முன்பு எங்கள் குப்பையை எடுத்த ஓட்டுநர் என் மகளுக்குக் கையசைக்காமல் போனதே இல்லை.

வேறு ஊர்க்காரர்கள், "மாறலாமா?" என்று கேட்கிறார்கள். மாறலாம் என்றே சொல்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, தொட்டியைப் பங்கிடவும் குப்பையே சேராதவர் விலகவும் வழி எழுதிவிடுங்கள். சின்னத் தொட்டிக்கும் பெரிய தொட்டிக்கும் விலையில் நல்ல இடைவெளி வையுங்கள். இவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எவ்வளவு இழுக்கும் என்பதை நாங்கள் நீதிமன்றப் படியேறிப் பார்த்தோம்.

வண்டி நாளன்று மூதாட்டியின் தொட்டியையும் நான்தான் சந்துக்கு உருட்டி வைக்கிறேன். பெரும்பாலும் வெறும் தொட்டிதான்.