கிருஷ்ணகிரியில் ஆறு நாள் ஏர்போர்ட் சேஃப்டி பயிற்சி: ரன்வே விளக்கு ரிக்குக்காகப் போகலாம், வேலைக்காக வேண்டாம்

வயர்மேன், ஃபிட்டர், பெயின்டர், புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிறவர் என்று யார் போனாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆறு நாள், காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை, மதியச் சாப்பாட்டோடு 8,500 ரூபாய். இடம் கிருஷ்ணகிரி சேலம் ரோட்டில், பழைய கிரானைட் பட்டறை ஒன்றின் ஷெட். மையத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரிப் பாடத்தை வேறு இடத்தில் யார் நடத்தினாலும் கீழே உள்ளதை வைத்து எடை போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தில் இதற்குக் கிராக்கி இருப்பது நியாயம்தான். பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் 2008-ல் திறந்தது. இப்போது அங்கே இரண்டு ரன்வே. தர்மபுரிக்காரர்களுக்குக் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் பக்கம். ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து, பர்கூர், சூளகிரிப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ‘ஏர்போர்ட்’ என்ற சொல்லே போதும்.

அதனால் முதலில் காசு விஷயம். “சான்றிதழ் வாங்கினால் உள்ளே வேலை” என்று கவுன்டரில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. விமானங்கள் நிற்கும், ஓடும் பகுதியான ஏர்சைடுக்குள் கால் வைக்க ஏ.இ.பி. எனும் நுழைவு அனுமதி அட்டை வேண்டும். அது மத்திய அரசின் விமானப் பாதுகாப்பு அமைப்பான பி.சி.ஏ.எஸ். விதிப்படி தருவது. அதற்கு விண்ணப்பிப்பது உங்களை வேலைக்கு எடுத்த நிறுவனம். நீங்களோ பயிற்சி மையமோ அல்ல. போலீஸ் விசாரணை உண்டு, பாதுகாப்பு விழிப்புணர்வு வகுப்பு தனியாக உண்டு. உள்ளே வண்டி ஓட்ட ஏ.டி.பி. என்று இன்னொரு அனுமதி. அதை விமான நிலையமே வகுப்பு எடுத்து, தேர்வு வைத்துத் தரும். கிருஷ்ணகிரியில் லேமினேட் செய்து கொடுக்கும் தாள் இவற்றில் எதற்கும் ஈடாகாது. இதைச் சேரும்போதே சொல்லிவிட்டால் மையத்தின் மீது மரியாதை கூடும்.

இனி பாடம். இதில் உண்மையிலேயே காசு பெறுவது ஒன்றுதான்: ஷெட்டின் பின்பக்கம் பழகுவதற்காகப் போட்டிருக்கும் ரன்வே விளக்கு மாதிரி அமைப்பு, அதாவது ரிக்.

வீட்டு வயரிங், மோட்டார் ஷெட், சிப்காட் கம்பெனி பேனல் எல்லாம் பார்த்த கைக்கு ரன்வே விளக்கு ஆபத்தானது. காரணம், அது வேலை செய்யும் விதமே தலைகீழ். நமக்குப் பழக்கமான லைனில் வோல்டேஜ் நிலையாக நிற்கும், லோடு ஏறினால் கரன்ட் ஏறும். ரன்வேயில் எல்லா விளக்கும் ஒரே சீரியல் வளையம். சி.சி.ஆர். என்கிற கான்ஸ்டன்ட் கரன்ட் ரெகுலேட்டர் கரன்டைத்தான் நிலையாக வைக்கும். முழு வெளிச்சத்தில் 6.6 ஆம்பியர். ஐந்து படி வெளிச்சத்துக்கு வழக்கமாக 2.8, 3.4, 4.1, 5.2, 6.6. விளக்கு கூடக் கூட வோல்டேஜ் ஏறும். 30 கிலோவாட் ரெகுலேட்டர் முழு லோடில் ஓடினால் 30,000-ஐ 6.6-ஆல் வகுத்துப் பாருங்கள்: நாலாயிரத்து ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல். மண்ணுக்கடியில் விரல் தடிமனில் போகும் ஒற்றை கேபிளில் இது ஓடுகிறது.

கோயில் திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் வரிசையே அணையும். இங்கே அணையாது, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஐசொலேட்டிங் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் பல்ப் போனாலும் பிரைமரியில், அதாவது வளையக் கேபிள் பக்கம், கரன்ட் தொடர்ந்து ஓடும். புதியவர் ஏமாறுவது இங்கேதான். விளக்கு அணைந்திருக்கிறது, கரன்ட் இல்லை என்று நினைத்துப் கேபிள் குழியான பிட்டுக்குள் கை விட்டு பிரைமரி கனெக்டரைக் கழற்றினால், 6.6 ஆம்பியரைத் தள்ளியே தீர வேண்டும் என்று ரெகுலேட்டர் வோல்டேஜை ஏற்றும். கழற்றிய இரண்டு முனைக்கும் நடுவே ஆர்க் அடிக்கும். சர்க்கியூட் அறுந்தால் தானே அணைக்கும் ஓப்பன் சர்க்கியூட் ட்ரிப் இருக்கிறதே என்பார்கள். அது மெஷினைக் காக்க வைத்தது, கையைக் காக்க அல்ல. சட்டைப் பையில் செருகியிருக்கும் 500 வோல்ட் நியான் டெஸ்டரை இந்த கேபிளில் வைக்கவே கூடாது.

ரிக்கில் 4 கிலோவாட் ரெகுலேட்டரும் பன்னிரண்டு டிரான்ஸ்ஃபார்மர், விளக்குகளும் இருக்கின்றன. அதிலேயே 600 வோல்ட் வரை போகும் என்பதால் பயிற்றுநர் கயிறு கட்டித் தள்ளி நிற்க வைக்கிறார், சரியான செயல். எரியும்போது ஒரு பல்பைச் செயலிழக்க வைத்து மற்ற பதினொன்றும் எரிவதைக் காட்டுகிறார். பிறகு மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் லாக் அவுட் வரிசையை ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் செய்ய வைக்கிறார்: கன்ட்ரோல் டவருக்குத் தகவல் சொல்லி அனுமதி, ரெகுலேட்டரை ரிமோட்டிலிருந்து லோக்கலுக்கு மாற்றுவது (இல்லாவிட்டால் டவரில் யாரோ சுவிட்சைத் தட்டினால் எரிந்துவிடும்), ஆஃப், உள்ளே வரும் லைனின் சுவிட்சான இன்கமரைத் திறந்து (துண்டித்து) பூட்டு, பெயர் எழுதிய டேக், ரெகுலேட்டரையும் ரன்வேக்குப் போகும் ஃபீல்டு கேபிளையும் பிரிக்கும் சீரியல் கட்-அவுட்டை உருவி, அந்த கேபிளை ஷார்ட் செய்து எர்த் செய்வது, வேலை செய்யும் பிட்டிலேயே கிளாம்ப் மீட்டர் போட்டு கரன்ட் இல்லை என்று பார்ப்பது. பூட்டின் சாவி வேலை செய்கிறவன் பையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் மேஜையில் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறார்கள். இந்த ஒன்றரை நாளுக்கே பாதிக் காசு தகும்.

குறை இரண்டு. ரெகுலேட்டரின் அலை வெட்டுப்பட்ட அலை. சாதாரண கிளாம்ப் மீட்டர் அதைத் தப்பாகக் காட்டும், அதுவும் கீழ்ப்படி வெளிச்சத்தில் நன்றாகவே தப்பும். இந்த அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் வேண்டும். கையில் கொடுப்பது மலிவான சாதா மீட்டர். இரண்டாவது பெரிய குறை: ரிக்கில் ஒரே ஒரு சர்க்கியூட். உண்மையான ரன்வேயில் ஓரவிளக்குகளை இரண்டு சர்க்கியூட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னியிருப்பார்கள், ஒன்று போனாலும் பைலட்டுக்கு ரன்வே தெரிய வேண்டும் என்பதற்காக. அதாவது நீங்கள் பூட்டிய ரெகுலேட்டர் இந்த விளக்கினுடையது. அடுத்த விளக்கு உயிரோடு இருக்கிறது. ஒரே பிட்டில் இரண்டு சர்க்கியூட்டின் கேபிளும் போகலாம். கேபிள் டேக்கைப் படித்து அடையாளம் காணும் பழக்கம்தான் ஆளைக் காப்பாற்றும்; இங்கே அதற்கு வாய்ப்பே இல்லை. இன்னொரு பழைய ரெகுலேட்டரும் ஆறு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிப் போட்டால் தீரும்.

தரையில் பதித்த விளக்கின் போல்ட் பற்றி நல்ல வகுப்பு. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எப்படி செட் செய்வது, எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதைத் தயாரிப்பாளர் கையேட்டில் பார்ப்பது, கழற்றிய வாஷரை எண்ணி ட்ரேயில் வைப்பது. கைக்கு இறுக்கிய போல்ட் விமானச் சக்கரம் ஏறி ஏறித் தளரும், ஒரு நாள் வெளியே வந்து கிடக்கும். அங்கிருந்து எஃப்.ஓ.டி., அதாவது தரையில் கிடந்து விமானத்தைச் சேதப்படுத்தும் பொருள், பற்றிய பாடத்துக்குப் போகிறார்கள். 2000 ஜூலை 25-ல் பாரிஸில் கான்கார்ட் விழுந்து 113 பேர் இறந்ததற்குத் தொடக்கம், முன்னால் கிளம்பிய விமானத்திலிருந்து ரன்வேயில் விழுந்து கிடந்த ஓர் உலோகப் பட்டை. இந்த உதாரணம் பையன்களுக்கு நன்றாக உறைக்கிறது. கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் நிழல் வரைந்து, போகும்போதும் வரும்போதும் எண்ணவைக்கிறார்கள். வயர் துண்டு, கேபிள் டை முனை, ஹான்ஸ் பாக்கெட் எல்லாம் எஃப்.ஓ.டி.தான் என்று சொன்னது சரி. சொல்லிவிட்டு, டீ இடைவேளையில் பேப்பர் கப்பை அதே முற்றத்தில் போட விட்டது சரியல்ல.

முற்றத்தில் ரன்வே, டாக்ஸிவே (விமானம் ரன்வேக்குப் போய்வரும் பாதை) கோடு வரைந்து நடக்கவைக்கிறார்கள். யோசனை அருமை, வர்ணம் தப்பு. ரன்வேக்கு முன் நிற்க வேண்டிய ஹோல்டிங் கோட்டை வெள்ளையில் போட்டிருக்கிறார்கள், அதுவும் இரண்டு கோடு. ரன்வேக் குறிகள் வெள்ளை, டாக்ஸிவேக் குறிகள் மஞ்சள். ஹோல்டிங் கோடு மஞ்சளில் நான்கு: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டு விட்டு. முழுக்கோடு இருக்கும் பக்கம் நீங்கள் நின்றால் டவர் அனுமதி இல்லாமல் ஒரு அடி தாண்டக் கூடாது. ரன்வேயிலிருந்து வெளியே வரும்போது விட்ட கோடுதான் முதலில் வரும். நிற்காமல் முழு வண்டியும் கடந்துவிட வேண்டும். பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது கட்டளை. மஞ்சளில் கறுப்பு வழிகாட்டி. கறுப்பில் மஞ்சள் நீங்கள் நிற்கும் இடம். டாக்ஸிவே ஓரவிளக்கு நீலம், நடுவிளக்கு பச்சை, ரன்வே ஓரம் வெள்ளை. இரவில் வழி தப்பியவனுக்கு இந்த நிறங்கள்தான் ஊர்ப்பலகை. சுவர் சார்ட்டில் எல்லாம் இருக்கிறது, தரையில் இல்லை. ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் எவ்வளவு ஆகிவிடும்?

வாக்கி டாக்கி வகுப்புதான் மிகப் பலவீனம். ஒரே ஜோடி செட், இருபது பேர். ஆங்கில உச்சரிப்பைத் திருத்துவதிலேயே நேரம் போகிறது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் ஓசூர்ப் பையனுக்கு உச்சரிப்பு பிரச்சினையே இல்லை. திருப்பிச் சொல்லும் ஒழுங்குதான் வேண்டும். “ஹோல்ட் ஷார்ட்” (ரன்வேக்கு முன்னாலேயே நில்) என்று டவர் சொன்னால் “ரோஜர்” என்பது பதில் ஆகாது. எந்த ரன்வே, எங்கே நிற்கிறேன், ரேடியோவில் என்னை அழைக்கும் பெயரான கால் சைன் என்ன என்று முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் “சே அகெய்ன்”. பாதி புரிந்து நகர்வது எவ்வளவு கேடு என்பதற்கு 1977-ல் டெனெரிஃப் ரன்வேயில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததே சாட்சி. அதன் பிறகுதான் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும் சொல்வது என்று கட்டுப்பாடு வந்தது. இதில் எதையும் வாயால் பழக்கவில்லை.

ரேடியோ செத்துவிட்டால் டவர் காட்டும் விளக்கு சிக்னலுக்கு ஒட்டியிருப்பது விமானங்களுக்கான சார்ட். வண்டிக்கும் ஆளுக்கும் அர்த்தம் வேறு. பச்சை விட்டு விட்டு எரிந்தால் கடக்கலாம் அல்லது டாக்ஸிவேக்குப் போகலாம்; நிலையான சிவப்பு என்றால் நில்; சிவப்பு விட்டு விட்டு வந்தால் விமானத்தைக் கவனித்தபடி ஓடுதளத்தையோ டாக்ஸிவேயையோ விட்டு விலகு; வெள்ளை விட்டு விட்டு வந்தால் உள்ளூர் விதிப்படி இயக்கப் பகுதியை விட்டே வெளியேறு. விமான சார்ட்டில் அந்த வெள்ளைக்குப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு என்று போட்டிருக்கும். ரன்வே நடுவே வேலை செய்துகொண்டிருக்கும் ஆளுக்கு அந்த அர்த்தம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

விமானம் நிறுத்தும் இடமான ஏப்ரன் பற்றிய பாடம் சுருக்கம், போதும். விமான முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு பீக்கன் சுற்றினால் எஞ்சின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது, அணையும்வரை கிட்டே போகாதே என்பதை மனப்பாடம் ஆக்குகிறார்கள். 2015 டிசம்பரில் மும்பையில் விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக் நேரத்தில் ஒரு டெக்னீஷியனை எஞ்சின் இழுத்துக்கொண்டதைச் சொல்கிறார்கள், வீடியோ எதுவும் காட்டாமல். அதுவே நாகரிகம்.

இரவு வேலை அறவே இல்லை என்பது விசித்திரம், ஏனென்றால் ரன்வே வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். ரன்வே மூடுவது போன்றவற்றை விமானிகளுக்குச் சொல்லும் அறிவிப்பான நோட்டாமில் நேரம் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும்; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 2030 முதல் 2330 என்று இருந்தால் நமக்கு விடியற்காலை 2 முதல் 5 வரை, அதுவும் மறுநாள் தேதியில். தேதி மாறுவதை மறந்தால், திறந்திருக்கும் ரன்வேயில் ஆள் இறங்குவான். மூடிய ரன்வேயில் குறுக்குக் குறி போடுவது, விளக்கை அணைப்பது, தடுப்பு வைப்பது ஏன் என்பதற்கு தைபே உதாரணம் இருக்கிறது: 2000 அக்டோபர் 31 இரவு, வேலை நடந்துகொண்டிருந்த ரன்வேயில் தவறாக ஏறிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கட்டுமான இயந்திரங்களில் மோதி 83 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு நாளை மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்கு மாற்றினால் இருட்டில் பிட் மூடி தேடுவது, ஹெட் லைட்டில் டேக் படிப்பது எல்லாம் பழகும்.

காதடைப்பானை எல்லோரும் தப்பாகப் போடுகிறார்கள், இங்கே திருத்துகிறார்கள்: உருட்டி மெல்லிதாக்கி, மறு கையால் காதை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது. பாராட்டு. ரிஃப்ளெக்டர் கோட்டு மட்டும் பட்டன் இல்லாத மலிவு ரகம். காற்றில் பறந்தால் அதுவே எஃப்.ஓ.டி.

விளக்கு, கேபிள் வேலைக்குப் போகிற வயர்மேன் சேரலாம். வேலை கிடைத்து ஏ.இ.பி. வரக் காத்திருக்கும் மாதத்தில் சேர்ந்தால் இன்னும் நல்லது. புல் வெட்டு, பெயின்ட், கூட்டும் வண்டி ஆட்களுக்கு இந்த விலை அதிகம். அவர்களுக்கு ரிக் நாள்களைக் கழித்து மூன்று நாள் வகுப்பு தனியாக வைத்தால் சரியாக இருக்கும். பணம் கட்டுமுன் ரிக் அன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டு, ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள். ஷூவுக்கு அடியில் ஆணி இல்லாததாகப் பார்த்துப் போடுங்கள். சாப்பாடு சாம்பார் சாதம், தயிர் சாதம், அளவு தாராளம். தண்ணீர் மட்டும் கையோடு எடுத்துப் போவது நல்லது, தகர ஷெட்டில் மதியம் இரண்டு மணிக்குமேல் கேன் காலியாகிவிடுகிறது.