பெயரும் அளவும் ஒன்று, டயர் மட்டும் வேறு

கூரைக் கூடாரம், தண்ணீர்த் தொட்டி, கூடுதல் டீசல் எல்லாவற்றையும் ஏற்றி என் வண்டியை எடை போட்டபோது பின் அச்சில் மட்டும் 2,300 கிலோ இருந்தது. அந்த எடைச்சீட்டைக் கடைக்காரரிடம் காட்டி, இந்தச் சுமையோடு கற்பாதையில் ஓடக்கூடிய ஆல் டெரைன் டயர் ஐந்து வேண்டும் என்று கேட்டேன். "பத்து பிளைதானே?" என்று, அதாவது அதிகச் சுமை தாங்கும் வலுவான ரகம்தானே என்று கேட்டதற்கு, "அதேதான் சார், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்றார். நான் விரும்பிய மாடல், நான் சொன்ன 265/70ஆர்17 அளவு, தரையைப் பிடிக்கும் தடித்த பட்டன்கள். வேறெதையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், கற்பாதையில் காற்றைக் குறைத்து மெதுவாக ஏறும்போது பின்பக்க டயர் ஒன்றின் பக்கச்சுவர் கிழிந்தது. விரல் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளிருந்த நூல்கள் பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கச்சுவர்க் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது என்பதால் ஸ்டெப்னியை மாட்டினேன். அப்போதுதான் எழுத்துகளை வரிவரியாகப் படித்தேன்: அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்ற எழுத்துகளே இல்லை, ஒரு டயர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் சுமைக் குறியீடு 115.

ஒரே மாடல் பெயரில், ஒரே பட்டன் வடிவத்தில், பயணிகள் வாகனத்துக்கான இலகு ரகமும் சுமை வாகனத்துக்கான எல்டி ரகமும் விற்பனைக்கு வருகின்றன. 115 என்றால் ஒரு டயருக்கு 1,215 கிலோ; இரண்டுக்கு 2,430 என்று பார்க்கும்போது போதும் போலத் தெரியும். ஆனால் இலகு ரகத்தைச் சுமை வாகனத்தில் பூட்டும்போது அந்த எண்ணை 1.10 ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். அப்படிச் செய்தால் ஏறத்தாழ 2,209 கிலோதான், என் பின் அச்சின் எடைக்கும் கீழே. இதே அளவில் எல்டி, லோடு ரேஞ்ச் ஈ (பத்து பிளை என்பது இதுதான்) டயரின் குறியீடு 121, அதாவது 1,450 கிலோ. அதுவும் 80 பிஎஸ்ஐ காற்று நிரப்பினால்தான். காற்றைக் குறைக்கக் குறைக்க எந்த டயரின் தாங்குதிறனும் குறையும்.

ஸ்டெப்னியின் தயாரிப்பு எண்ணோ 1419, அதாவது 2019 ஆம் ஆண்டின் 14 ஆவது வாரம். மற்ற நான்கும் 2023 இல் செய்தவை. தேதி பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கிப் பூட்டப்பட்டிருந்ததால் கடையில் என் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்து கேட்டபோது, கல் வெட்டுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். அது சரிதான், அதை நான் கேட்கவும் இல்லை. எடைச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகும் வேறு ரகத்தைப் பத்து பிளை என்று சொல்லி விற்றதைத்தான் கேட்டேன். பில்லில் மாடல் பெயரும் அளவும் மட்டுமே இருந்ததால், என் சொல்லுக்கு எந்த ஆதாரமும் இல்லாமல் போயிற்று.

சுமையேற்றிய வண்டிக்கு டயர் வாங்குபவர்கள், ரிம்மில் பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு டயரின் இரு பக்கங்களையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்டி, சுமைக் குறியீடு, லோடு ரேஞ்ச், நான்கு இலக்கத் தயாரிப்பு எண் ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.