அறிவியல் வினாடி வினா அட்டைப் பெட்டி: ஓராண்டு விளையாடிய பின் எழுதும் மதிப்புரை

திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்து பேர் கூடி, அறிவியல் கேள்விகளால் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்வது வெகுநாள் வழக்கம். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மருந்துக்கடை நடத்தும் அக்கா, வேதியியல் முதுகலை படிக்கும் அவருடைய மகள், வங்கியில் பணிபுரியும் நண்பர், நான் என்று ஐவர். முன்பெல்லாம் அவரவர் குறிப்பேட்டிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். அப்படிக் கேட்கும்போது ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த துறைக்குள்ளேயே சுற்றிவந்ததால், ஆசிரியர் கேட்டால் ஒளியியல், அக்கா கேட்டால் மருந்துகள் என்பது சில வாரங்களிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதனால்தான் யாருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படாத கேள்விகள் வேண்டுமென்று, சென்ற ஆண்டு 899 ரூபாய் கொடுத்து ஓர் ஆங்கில வினாடி வினா அட்டைப் பெட்டியை வாங்கினோம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் நிறைகளும் குறைகளும் இவ்வகைப் பெட்டிகள் பலவற்றுக்கும் பொருந்துபவை என்பதால், எந்தப் பெட்டியை வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

பெட்டிக்குள் 240 அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல், கணிதம் என்று ஐந்து கேள்விகள். பின்பக்கம் ஐந்து விடைகள். ஆக மொத்தம் 1200 கேள்விகள், ஒரு மணற்கடிகாரம், மதிப்பெண் தாள், நான்கு பக்க விதிப் புத்தகம். அட்டைகள் தடிமனானவை, ஓராண்டாகப் பல கைகள் மாறியும் முனைகள் மடங்கவில்லை. ஆனால் மேலே பூசிய பளபளப்பு, குழல்விளக்கின் கீழே கண்ணைக் கூசச் செய்கிறது. உயிரியலுக்குக் கொடுத்த பச்சையும் வானியலுக்குக் கொடுத்த நீலப்பச்சையும் ஒன்றுபோலவே தெரிவதால், எந்தக் கேள்வியை வாசிக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் வந்த பெட்டியில் ஒரு கட்டு அட்டைகள் இருமுறை இருந்தன, இன்னொரு கட்டு இல்லவே இல்லை. கடைக்காரரிடம் சொன்னதும் பத்து நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டார். மணற்கடிகாரம் 30 விநாடிக்கு உரியது என்கிறது விதிப் புத்தகம். எங்கள் ஆசிரியர் கைக்கடிகாரத்தை வைத்துப் பலமுறை அளந்து, ஒரு பக்கமாகக் கவிழ்த்தால் 27 விநாடியிலும் மறுபக்கமாகக் கவிழ்த்தால் 31 விநாடியிலும் மணல் வடிந்துவிடுவதைக் காட்டினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே பக்கமாகவே கவிழ்க்கிறோம்.

இவையெல்லாம் சிறிய செய்திகள். பெட்டியின் மதிப்பு கேள்விகளில்தான் இருக்கிறது.

மே மாதத்தில் ஒரு நாள் வந்த வேதியியல் கேள்வி இது: அறை வெப்பநிலையில் நீர்ம நிலையில் இருக்கும் தனிமங்கள் எத்தனை? அக்காவின் மகள் சற்றும் தயங்காமல் "நான்கு" என்றாள். அட்டையைத் திருப்பினால் "இரண்டு: பாதரசம், புரோமின்" என்று இருந்தது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. காலியம் 29.76 டிகிரி செல்சியசில் உருகும். சீசியம் அதற்கும் முன்னதாக, 28.5 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறையில் வெப்பமானி 34 காட்டுகிறது. அப்படியானால் இந்த அறையில் நான்கும் நீர்மம்தானே என்பது அவள் வாதம். ஆசிரியர் மறுத்தார். அறை வெப்பநிலை என்பது அறிவியலில் நாம் உட்கார்ந்திருக்கும் அறையைக் குறிக்காது, அட்டவணைகளில் 20 அல்லது 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளும் ஒரு வழக்காறு அது என்றார். அப்படியென்றால் அந்த எண்ணைக் கேள்வியிலேயே எழுதியிருக்க வேண்டாமா என்று அக்கா மகளின் பக்கம் சேர்ந்துகொண்டார். உள்ளங்கையில் வைத்தாலே காலியம் உருகுவது ஏன், சீசியத்தைக் காற்றுப் படாமல் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைப்பது ஏன், பாதரசம் மட்டும் உலோகமாக இருந்தும் கடுங்குளிரில்கூட உறையாமல் இருப்பது ஏன் என்று பேச்சு விரிந்து, அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. ஓராண்டில் இந்தப் பெட்டி எங்களுக்குக் கொடுத்த மிகச் சிறந்த மாலை அதுதான். இருந்தாலும் அந்தப் பெருமையை அட்டைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "25 டிகிரியில்" என்று ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டது அட்டையின் பிழை. அந்தப் பிழையிலிருந்து அவ்வளவு பேச்சை எடுத்தது அந்த மாணவியின் அறிவு.

இதே குறை வேறு பல அட்டைகளிலும் இருக்கிறது. தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி என்று ஓர் அட்டை சொல்கிறது. கடல்மட்டத்து அழுத்தத்தில் அது சரி. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடுவதால்தான் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அவ்வளவு நேரமாகிறது. சனிக்கோளுக்கு எத்தனை நிலவுகள் என்ற கேள்விக்கு 82 என்பது விடை. 2019இல் அதுவே சரியான எண்ணாக இருந்தது. 2023இல் அது 146 ஆயிற்று. 2025 மார்ச்சில் மேலும் 128 நிலவுகள் ஏற்கப்பட்டு 274 ஆகிவிட்டது. வானியலில் எண்ணைக் கேட்கும் எந்த அட்டையும் ஆண்டைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை, இவற்றை அச்சிடுபவர்கள் ஒரு விதியாகவே கொள்ளலாம்.

காலம் கடந்ததால் பிழையானவை ஒரு வகை. அச்சாகும்போதே பிழையாக இருந்தவை இன்னொரு வகை. நாக்கின் நுனி இனிப்பையும், பக்கங்கள் புளிப்பையும், அடிப்பகுதி கசப்பையும் உணரும் என்னும் பழைய வரைபடத்தை இந்தப் பெட்டியும் கேள்வியாக்கியிருக்கிறது. 1901இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹேனிக், நாக்கின் இடத்துக்கு இடம் சுவையுணர்வில் சிறு வேறுபாடு இருப்பதாகத்தான் எழுதினார். பின்னால் வந்த நூல்கள் அந்தச் சிறு வேறுபாட்டைத் தனித்தனி எல்லைகளாக வரைந்துவிட்டன. சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவைகளும் தெரியும். அக்கா உள்ளே போய் உப்பும் சர்க்கரையும் எடுத்துவந்தார். நாக்கின் நுனியில் உப்பு உப்பாகவே கரித்ததை ஐவரும் உணர்ந்தபின் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தோம்.

கேள்வித் தொகுப்புகளில் இத்தகைய பிழைகள் பரவுவதற்குக் காரணம், ஒருவர் தொகுத்ததை இன்னொருவர் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்வதுதான். இதற்குப் புகழ்பெற்ற ஒரு வழக்கே இருக்கிறது. கனடாவின் மொன்றியால் நகரில் 1979இல் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்னும் இரு பத்திரிகையாளர்கள் உருவாக்கிய டிரிவியல் பர்சூட் என்ற விளையாட்டுதான் இன்றைய வினா அட்டைப் பெட்டிகளுக்கெல்லாம் முன்னோடி. அதில் அறிவியலும் இயற்கையும் ஆறு பிரிவுகளில் ஒன்று, அதற்குரிய நிறம் பச்சை. அமெரிக்காவில் துணுக்குச் செய்திகளைத் தொகுத்து நூலாக்கிய பிரெட் வொர்த் என்பவர், தம் நூலிலிருந்து யாரேனும் எடுத்தால் கண்டுபிடிப்பதற்காக, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று ஒரு பொய்த் தகவலைத் தாமே அதில் நுழைத்து வைத்திருந்தார். அந்தப் பெயர் அப்படியே டிரிவியல் பர்சூட் அட்டையில் விடையாக வந்தது. 1984இல் அவர் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். தகவல்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பதால் தோற்றுப்போனார். சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியென்றே எண்ணுகிறேன். ஆனால் ஒரு நூலில் இருந்த பொய் எவ்வளவு எளிதாக ஓர் அட்டைக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது என்பதை அறிவியல் கேள்விகளைத் தொகுப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி இந்தப் பெட்டியின் நல்ல கேள்விகளைச் சொல்கிறேன்; அவையும் குறைவல்ல. பூமியில் கிடைப்பதற்கு முன்பே சூரியனில் கண்டறியப்பட்ட தனிமம் எது என்று ஓர் அட்டை கேட்கிறது. ஹீலியம் என்ற விடையில் சூரியனுக்கான கிரேக்கச் சொல்லே இருப்பதால், தெரியாதவரும் யோசித்துக் கண்டுபிடிக்கலாம். இப்படி, மனப்பாடம் செய்தவருக்கு மட்டுமல்லாமல் சிந்திப்பவருக்கும் வாய்ப்புத் தருவதே நல்ல வினாடி வினாக் கேள்வி. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து ஆராய்ந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் பாக்சன் அதே கிரகணத்தை மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். இங்கிலாந்தில் லாக்யர் அதே ஆண்டு அக்டோபரில் சூரிய ஒளியின் நிறமாலையில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டை ஆராய்ந்தார். அது அறிந்த எந்தத் தனிமத்துக்கும் உரியதாகத் தெரியவில்லை. 1895இல்தான் ராம்சே பூமியில் கிடைத்த ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தெடுத்தார். அட்டையின் பின்பக்கத்தில் "ஹீலியம்" என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கிறது. இரண்டு வரி விளக்கம் இருந்திருந்தால் இந்தப் பெட்டி இருமடங்கு விலைக்கும் தகும்.

விளக்கமின்மையே இதன் பெருங்குறை. மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள் என்ற கேள்வியைப் பள்ளி மாணவர்களுக்கும் தெரிந்த எளிய கேள்வி என்று தள்ளிவிடத் தோன்றும். பெயின்டர் 1923இல் 48 என்று சொன்னதை உலகத்துப் பாடநூல்கள் எல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே சொல்லிவந்தன. சுவீடனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் வெளியிட்ட கட்டுரைதான் அதை 46 என்று திருத்தியது. அத்தனை பேர் நுண்ணோக்கியில் பார்த்தும், எதிர்பார்த்த எண்ணையே எண்ணியிருக்கிறார்கள். இந்தச் செய்தியை வங்கி நண்பர் சொன்னபோது எங்கள் ஆசிரியர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் பள்ளிக்காலப் புத்தகத்தில் 48 என்று படித்த நினைவு இருப்பதாகச் சொன்னார்.

இந்திய அறிவியலைப் பற்றிய கேள்விகள் மிகக் குறைவு. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன் 1200 கேள்விகளில் ஒரே ஒரு முறைதான் வருகிறார். அதுவும் நோபல் பரிசு பெற்ற ஆண்டு எது என்ற கேள்வியில். 1930 என்று சொல்லிவிட்டால் பேச அங்கே வேறொன்றும் இல்லை. 1921இல் கப்பலில் வரும்போது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற ராலேயின் கருத்தைச் சோதிப்பதற்காக, நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியைத் தணிக்க இராமன் பயன்படுத்திய கருவி எது என்று கேட்டிருக்கலாம். நிக்கோல் பட்டகம் என்பது விடை. அதைச் சொல்பவரும் சொல்ல முடியாதவரும் ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும் தளவிளைவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இதை நாங்களே ஒரு வெற்று அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் சேர்த்துவிட்டோம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் வாசிப்பவர் தமிழில் மாற்றிச் சொல்கிறார். ஆசிரியர் தமிழ்வழியில் படித்தவர், "பிராணவாயு" என்பார். நான் "உயிர்வளி" என்று எழுதிப் பழகியவன். மாணவிக்கு அது ஆக்சிஜன். ஒரு விடைக்கு மூன்று தலைமுறைச் சொற்கள் வருவதைக் கேட்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. சவ்வூடுபரவல் என்ற சொல்லை ஆசிரியர் சொன்னதும், மாணவிக்கு ஆங்கிலத்தில் மட்டும் தெரிந்திருந்த செயல், சவ்வின் ஊடாகப் பரவுதல் என்று பெயரிலேயே விளங்கிப்போயிற்று. தமிழில் இப்படியொரு பெட்டியைக் கவனமாகச் செய்து கொடுப்பவர் இருந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

விதிப் புத்தகத்தின்படி சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். நாங்கள் அதை மாற்றிக்கொண்டோம். விடையோடு காரணத்தையும் சொன்னால் இரண்டு மதிப்பெண். அட்டையின் விடை தவறென்று எவருக்கேனும் தோன்றினால் மறுப்புச் சொல்லலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏற்கத்தக்க சான்று கொண்டுவந்தால் மூன்று மதிப்பெண், இல்லையேல் ஒன்று குறையும். இந்த விதி வந்த பின் வாரநாட்களிலும் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். இதுவரை 31 அட்டைகளில் பென்சிலால் திருத்தம் எழுதியிருக்கிறோம், எழுதிய தேதியோடு.

தனியே புரட்டிப் பார்க்க இதை வாங்க வேண்டாம். வெறும் விடைகள் மட்டுமே இருப்பதால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். பத்தாம் வகுப்புக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளிடம் பெரியவர் துணையின்றிக் கொடுக்கவும் வேண்டாம். நாக்கு வரைபடம் போன்றவற்றை அவர்கள் உண்மையென்றே எடுத்துக்கொள்வார்கள். கேள்வி கேட்கவும் மறுத்துப் பேசவும் நான்கைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 899 ரூபாய் அதிகமில்லை. கடையில் பெட்டியைத் திறந்து பார்க்க விட்டால், அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், விடைப்பக்கத்தில் ஒரு வரியேனும் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், கட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். காலியம் பற்றிய அட்டையில் நாங்கள் இன்னும் எதையும் திருத்தவில்லை; ஆசிரியரும் மாணவியும் தத்தம் நிலையில் உறுதியாக இருப்பதால், இருவருடைய விடையையும் அன்றைய வெப்பமானி அளவையும் அதன் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.