தேர்வான பிறகு காசு கேட்டால்: ஒரு சிறுகதைப் போட்டியில் நான் விட்ட 10,300 ரூபாய்

அமைப்பின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள். 'உலக', 'பன்னாட்டு', 'பேரவை', 'மன்றம்' என்று நம்மிடம் சொற்களுக்கா பஞ்சம்? பெயர் மாறினாலும் செய்கிற வேலை அதேதான். அந்த வேலையைத்தான் எழுதுகிறேன்.

நான் கரூரில் ஒரு ஏற்றுமதி டெக்ஸ்டைல் கம்பெனியில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வவுச்சர் இல்லாமல் ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்கமாட்டாள் என்று ஆபீஸில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. கதையும் எழுதுவேன். இதுவரை நான்கு கதை அச்சாகியிருக்கிறது. ஒன்றுக்கு 600 ரூபாய் மணியார்டர் வந்தது. அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஏமாந்தவள் கணக்குத் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

போன வருடம் ஆடி மாதத்தில் வாட்ஸாப்பில் ஒரு அறிவிப்பு சுற்றியது. மாபெரும் சிறுகதைப் போட்டி, முதல் பரிசு 50,000 ரூபாய், நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் நம்பினேன். காசு கேட்கவில்லையே, அப்புறம் என்ன?

நான் நோட்டில் கையால் எழுதுகிறவள். ஒரே மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் மாமியார், மருமகள் பற்றி ஒரு கதை. ஏழு பக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. வயதில் சின்னவர், பதமான குரல். "வணக்கம் எழுத்தாளர் அம்மா, உங்க கதை தேர்வாயிருக்கு. அந்த உச்சக்கட்டம் இருக்கே, நடுவர்கள் ரெண்டு பேர் அழுதுட்டாங்க" என்றார். இருபது வருடம் எழுதியிருக்கிறேன், என்னை யாரும் எழுத்தாளர் என்று கூப்பிட்டதில்லை. அன்று ராத்திரி குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மறுநாள் விவரம் வந்தது. தேர்வான கதைகள் தொகுப்பு நூலாக வருகின்றன, அதற்குப் பங்களிப்புத் தொகை 1,500. வாரம் கழித்து, புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கத் தலைக்கு 600. அதன்பிறகு சென்னையில் விருது விழா. கேடயம், சான்றிதழ், பொன்னாடை, மதிய உணவு எல்லாம் சேர்த்து 2,800. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டாமா என்று பேசிப் பேசி, பிரதி 250 வீதம் பத்துப் புத்தகத்தை என் தலையில் கட்டினார்கள். எல்லாமே ஜிபேயில், ஒரு தனிநபர் பெயருக்கு. ரசீது கேட்டேன். "விழாவில் கையில் தருகிறோம் அம்மா" என்றார்கள். வவுச்சர் ராணி வாயை மூடிக்கொண்டேன்.

சரி, 50,000 என்னாயிற்று? அதை மேடையில்தான் அறிவிப்பார்களாம்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்த சின்ன ஹாலில். பத்து மணி என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி ஒன்றேகால். விருதாளர்கள் மொத்தம் 64 பேர். பள்ளிச் சான்றிதழுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றோம். ஒரு பையன் பெயரைப் படிப்பான், பொன்னாடை தோளில் விழும், கேடயம் கைக்கு வரும், போட்டோ, அடுத்த ஆள். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவர் மறுபக்கப் படியில் இறங்கியதும், அங்கே நின்ற ஒருவர் அவர் தோளிலிருந்து பொன்னாடையை மெதுவாக உருவினார். மடித்தார். மடித்ததை மேடைக்கு மேலே கொடுத்தனுப்பினார். என் தோளில் விழுந்தது அந்தப் பொன்னாடைதான். ஓரத்தில் பெரியவரின் விபூதி ஒட்டியிருந்தது. நான் இறங்கியபோது என்னிடமும் வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் ஐந்தாறு பொன்னாடைதான் அன்று ஹாலையே சுற்றி வந்திருக்கும்.

முதல் பரிசு பெற்றவர் வெளிநாட்டில் இருப்பதால் வர முடியவில்லை என்று அறிவித்தார்கள். கை தட்டினோம். போட்டோ ஆல்பத்துக்கு 500 கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். வீட்டுக்காரரும் கூட வந்ததால் பயணம், சாப்பாடு 2,400. கூட்டினால் 10,300.

திரும்பும்போது பஸ்ஸில் புத்தகத்தைப் பிரித்தேன். 112ஆம் பக்கத்தில் என் கதை. 115ஆம் பக்கத்தின் அடியில், 'கனகம் எழுந்துபோய்க் கதவைத்' என்று நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தில் வேறொருவரின் கதை. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு போனில் நான் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன். நான்கே பக்கம். மீதி மூன்றை ஸ்கேன் செய்யாமல் நானே விட்டிருக்கிறேன்.

நடுவர்களை அழவைத்த உச்சக்கட்டம் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அது என் நோட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

பத்தாயிரம் போனதைவிட இதுதான் உறைத்தது. நடுவர் படிக்கவில்லை, தொகுத்தவர் படிக்கவில்லை, தட்டச்சு செய்தவர் 'கதவைத்' வரை அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். இதில் ஒரு கூத்து: தொகுப்பில் இருந்த இன்னொரு எழுத்தாளர் போன் செய்து, "முடிவை வாசகர்கிட்டயே விட்டுட்டீங்க, அற்புதம்" என்றார். அவர் ஒருவராவது கடைசிவரை படித்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் ஆபீஸில் மெயின் லெட்ஜரை மூடிவைத்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டேன். 64 பேர். 1,500 வீதம் 96,000. ஐஎஸ்பிஎன் 38,400. விழாக் கட்டணம் 1,79,200. ஆகமொத்தம் 3,13,600. கூடுதல் பிரதியும் ஆல்பமும் தனி. ஹால், சாப்பாடு, கேடயம், அச்சு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போட்டாலும் பாதிக்கு மேல் மிஞ்சும்.

ஐஎஸ்பிஎன் விஷயம்தான் உச்சம். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகவே கொடுக்கிறது. அதோடு ஒரு தொகுப்பு நூலுக்கு ஓர் எண் போதும். 64 பேரிடம் 64 தடவை வாங்க அதில் ஒன்றுமில்லை. புத்தகத்தின் பின்னட்டை எண்ணையும் சோதித்தேன். இது எவருக்கும் வரும் கணக்கு: 13 இலக்கங்களையும் இடமிருந்து முறையே 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். எனக்கு 113 வந்தது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், 113தான். எண்ணே பொய்.

இலவசமாகக் கதையை வாங்கி, தேர்வு என்று சொல்லி மனசைக் குளிர்வித்து, அப்புறம் காசு கேட்பதுதான் இவர்கள் வழி. கட்டணம் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் எத்தனையோ இதழ்கள் போட்டிக்குக் கட்டணம் வாங்குகின்றன. நம் அரசின் சிறந்த நூல் பரிசுக்கும் சிறு கட்டணமும் புத்தகப் பிரதிகளும் உண்டு. ஆனால் அவை அறிவிப்பிலேயே இருக்கும், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றே. ஜெயித்தவரிடம் மட்டும் வாங்கும் கட்டணத்துக்கு வியாபாரம் என்று பெயர்.

நிஜமான விருதுகளைப் பாருங்கள். சாகித்திய அகாதெமி விருது என்றால் ஒரு லட்சம் ரூபாயும் செப்புப் பட்டயமும். 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 2011 முதல் யுவ புரஸ்கார், 50,000. பணம் அங்கிருந்து எழுத்தாளருக்கு வருமே தவிர, இங்கிருந்து போகாது. 1970இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' என்ற அமைப்பின் பரிசுக்கு யாரும் விண்ணப்பித்ததே கிடையாது. பத்திரிகைகளில் வந்த கதைகளை அவர்களே படித்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பன்னிரண்டில் வருடத்தின் சிறந்த கதையைச் சொல்வார்கள். படிப்பது என்ற வேலையை யாரோ உட்கார்ந்து செய்தார்கள் என்பதுதான் அதன் மரியாதையே.

எனக்கு வயிற்றெரிச்சல் தந்தது இன்னொன்று. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை, தமிழிலேயே கதை அனுப்பலாம். 2,000 முதல் 5,000 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். வட்டார அளவில் 2,500 பவுண்டு, ஒட்டுமொத்தப் பரிசு 5,000 பவுண்டு. ஒரே ஒரு நிபந்தனை என்னை இடித்தது: கதை முன்பு எங்கும் அச்சாகியிருக்கக் கூடாது. என் மூக்குக் கண்ணாடிக் கதையை இனி அனுப்ப வழியில்லை, பாதிக் கதை ஊர்சுற்றிவிட்டது.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் அறிவிப்பின் அடியில், பொடி எழுத்தில், 'படைப்பின் முழு உரிமையும் அமைப்புக்கே' என்று இருந்தது. பயந்துபோய் விசாரித்தேன். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த இடம் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, பிழைத்தேன். 'ஒப்புதல் படிவம்' என்று எதையாவது நீட்டினால் தயவுசெய்து படித்துவிட்டுப் போடுங்கள்.

விழா முடிந்து ஒரு மாதத்தில் மறுபடி போன். "உங்க இலக்கியப் பணிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் ஏற்பாடு பண்றோம்மா, 15,000தான்." நல்லவேளை, அந்த நேரம் புத்தி வந்திருந்தது. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஓர் அமைப்பு பிரபலங்களைக் கூப்பிட்டு இப்படிப் பட்டம் கொடுத்து, பிறகு பல்கலைக்கழகமே போலீஸில் புகார் கொடுத்தது நினைவிருக்கும். சினிமாக்காரர்களே ஏமாந்த இடத்தில் நான் எம்மாத்திரம்? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிடுகிறது. டாக்டர் ஆசை இருப்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் ஆபீஸ் பெண்ணொருத்தி கவிதை எழுதுவாள். அவளுக்கு வேறு வலை: மலைப் பிரதேசத்தில் 'எழுத்தாளர் உறைவிட முகாம்', ஏழு நாள், 18,000. போனால் சாதாரண லாட்ஜ், ஓர் அறைக்கு நான்கு பேர். வழிகாட்டும் எழுத்தாளர் மூன்றாம் நாள் மத்தியானம் வந்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். "அக்கா, ஒரு வரி எழுதலக்கா, ஜலதோஷம்தான் பிடிச்சது" என்றாள். உண்மையான உறைவிடம் தலைகீழ். 1967 முதல் அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் பன்னாட்டு எழுத்துத் திட்டமானாலும், நம் பக்கத்தில் 2008இல் தொடங்கிய சங்கம் ஹவுஸ் ஆனாலும், தேர்வான எழுத்தாளரைத் தங்கவைத்துச் சோறு போட்டு எழுதச் சொல்வார்கள். காசு கொடுத்துத் தங்குவதற்கு ஹோட்டல் இருக்கிறதே.

புகார் கொடுத்தேனா? கொடுத்தேன். ஸ்டேஷனில் கேடயத்தையும் புத்தகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொருள் குடுத்திருக்காங்க, விழா நடத்தியிருக்காங்க, இதுல என்னம்மா ஏமாத்து வேலை?" என்றார்கள். சட்டப்படி அதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஓட்டையில்தான் இவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். உங்களுக்கு இப்படி நடந்து, காசு அனுப்பி சில மணி நேரம்தான் ஆகியிருந்தால் உடனே 1930க்குப் போன் போடுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண். நாள் கடந்தால் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம். நான் ஆறு மாதம் கழித்துப் போனேன்.

இந்தப் பதிவை எழுத வைத்தது போன வாரம் வந்த அழைப்பு. அதே பதமான குரல். இந்த வருடப் போட்டிக்கு நான் நடுவராக வேண்டுமாம். நடுவர் பதிவுக் கட்டணம் 3,500, அடையாள அட்டை உண்டு.

"தம்பி, போன தடவை நான் எழுதின கதை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எப்படிம்மா மறக்கும்? அந்த முடிவு!" என்றார்.

"கனகம் கதவை என்ன பண்ணினா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.