ஜூம் லென்ஸ்: கையால் திருப்புவதா, மோட்டார் வைப்பதா?

கோவையில் பம்ப், மோட்டார் உதிரிபாகம் செய்கிற பல யூனிட்டுகளில் இப்போது க்யூசி (தரச் சோதனை) மேசைக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. அதற்கு ஜூம் லென்ஸ் வாங்கப் போனால் இரண்டு விலை சொல்வார்கள். கையால் திருப்புவது ஒன்று, மோட்டார் வைத்தது மற்றொன்று. பட்ஜெட் இருந்தால் மோட்டார், இல்லாவிட்டால் கை என்று முடிவு செய்வதுதான் வழக்கம். இப்படி முடிவு செய்வது சரியில்லை. ஒரு ஷிஃப்டில் ஜூம் எத்தனை தடவை மாறும், அந்தப் படத்தில் வெறுமனே பார்க்கப் போகிறோமா, அளக்கவும் போகிறோமா, இந்த இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

0.7 முதல் 4.5 மடங்கு வரை போகும் லென்ஸை எடுத்துக்கொள்வோம். 8.8 மி.மீ. அகல சென்சாரில், குறைந்த ஜூமில் சுமார் 12.5 மி.மீ. அகலம் தெரியும், முழு ஜூமில் 2 மி.மீ.க்கும் குறைவு. லென்ஸின் ஜூம் வளையம் நகர நகர ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்ற கணக்கும் மாறும். கேலிப்ரேஷன் செய்த (தெரிந்த அளவை வைத்துக் கணக்கைச் சரிபார்த்த) இடத்திலிருந்து உருப்பெருக்கம் 1 சதவீதம் விலகினாலே 10 மி.மீ. அளவில் 0.1 மி.மீ. பிழை. டிராயிங்கில் டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்) ±0.02 மி.மீ. என்று இருந்தால் நல்ல ஜாப் (உதிரிபாகம்) ரிஜெக்ட் ஆகும், கெட்டது பாஸாகிப் போய்விடும்.

அதனால் சாதாரண மேனுவல் லென்ஸ் அளவெடுக்க ஆகாது. வளையத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கே திருப்புகிறவர்கள் உண்டு. பர் (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு), வெடிப்பு, காஸ்டிங்கில் ஓட்டை பார்க்க அது போதும். அளக்க வேண்டுமென்றால் கிளிக் ஸ்டாப் உள்ள மேனுவல் லென்ஸ் கேளுங்கள். குறித்த இடம் வந்ததும் உள்ளே இருக்கும் குண்டு பள்ளத்தில் ‘டக்’கென்று உட்காரும், விரலிலேயே தெரியும். இரவு ஷிஃப்ட் ஆள் திருப்பினாலும் ஏறக்குறைய அதே இடம்தான். நம் ஊர்ச் சின்ன யூனிட்டுகளுக்கு என் ஓட்டு இதற்கே. பக்கத்தில் பிரஸ் ஓடினால் மட்டும் லாக் ஸ்க்ரூவை அவ்வப்போது பாருங்கள், அதிர்வில் தளர்ந்துவிடும்.

மோட்டார் வைத்தாலே துல்லியம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பொதுவான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். மோட்டார் அத்தனை நுணுக்கமாக நகர்ந்தாலும் கியருக்குள் இருக்கும் ஆட்டம் போய்விடாது. 2 மடங்கு என்ற நிலைக்கு, மேலிருந்து இறங்கி வந்தால் ஒரு அளவு, கீழிருந்து ஏறினால் வேறு அளவு. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிற்கும்படி புரோகிராம் எழுத வேண்டும். என்கோடர் (நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி) இல்லாத மோட்டாருக்கு, கரண்ட் போய் வந்தால் முன்பு நின்ற இடம் நினைவிருக்காது. ஹோம் சென்சார் (தொடக்க இடத்தைக் காட்டும் சென்சார்) வரை போய்த் திரும்பினால்தான் கணக்கு சரியாகும். அதைச் செய்யாமல் ஓட்டினால், “ஏனுங்ணா, மறுக்கா எல்லாம் அளக்கோணுமா?” என்று கேட்டுக்கொண்டு ஆள் வந்து நிற்பார்.

ஆனாலும் சில இடங்களில் மோட்டார்தான் வேண்டும். ஒரே நாளில் பல பார்ட்டிகளின் ஜாப் மாறி மாறி வருகிற இடம், கேமரா கை எட்டாத உயரத்திலோ மூடிய கேபினுக்குள்ளோ இருக்கிற இடம், ரோபோ ஜாப் வைத்து எடுக்கிற லைன். ஜூம் ஏற ஏறப் படம் இருட்டாகும், ஃபோகஸ் ஆழமும் குறையும். மோட்டார் இருந்தால் ஜூமோடு எல்.இ.டி. வெளிச்சத்தையும் ஒரே ரெசிபியில் (அந்த ஜாபுக்கான செட்டிங்கில்) சேர்த்து வைத்துக்கொள்ளலாம். கையால் செய்கிறவர் வெளிச்சத்தைத்தான் முதலில் மறப்பார்.

திருப்பூரில் துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லூப் என்று எண்ணுகிறவர்களுக்கு மோட்டார் வீண் செலவு. ஒன்றிரண்டு நிலையே போதும். லென்ஸில் பஞ்சு படியும், அவ்வளவுதான். அதை பனியன் வேஸ்ட்டால் மட்டும் துடைக்காதீர்கள், கோட்டிங் கீறிவிடும். நாள் முழுக்க ஒரே ஷாஃப்டின் விட்டம்தான் அளப்பது என்றால் ஜூமே வேண்டாம், டெலிசென்ட்ரிக் லென்ஸ் (ஜாப் கொஞ்சம் கிட்டே வந்தாலும் தள்ளிப் போனாலும் அளவு மாறாமல் காட்டுவது) வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் உங்கள் ஜாப் ஒன்றை எடுத்துப் போங்கள். ஜூமை விலக்கி, ஒரு தடவை மேலிருந்தும் ஒரு தடவை கீழிருந்தும் அதே நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி, பத்துத் தடவை அளந்து பாருங்கள். மோட்டார் என்றால் நடுவில் ஸ்விட்சை அணைத்துப் போடச் சொல்லுங்கள். வித்தியாசம் உங்கள் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஆர்டர் கொடுக்கலாம்.