மாவு தீர்ந்த ராத்திரி: அரிசி உப்புமாவா, மோர்க்களியா?

மணி ஏழு. தோசை மாவு காலையிலேயே வழித்தாயிற்று. காய்க் கூடையில் நாலு சின்ன வெங்காயம்தான் கிடக்கிறது. அரிசி, துவரம்பருப்பு, ஒரு டப்பா அரிசி மாவு, முந்தாநாள் மோர், கொல்லையில் கறிவேப்பிலை, இவ்வளவுதான் கையிருப்பு. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட நாளுக்கு அரிசி உப்புமா, இல்லாவிட்டால் மோர்க்களி. என் கை முதலில் போவது மோர்க்களிக்குத்தான். ஆனால் எல்லா நாளும் அது சரிப்படாது.

உப்புமாவுக்கு ஒரு டம்ளர் பச்சரிசி, இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, அரை ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம். எல்லாவற்றையும் மிக்ஸியில் ரவையாக உடைத்து, தாளித்துக் கொதிக்கும் இரண்டரை டம்ளர் தண்ணீரில் கொட்டி, மூடி, சின்னத் தீயில் கால் மணி நேரம் விட வேண்டும். வெண்கலப் பானையில் செய்தால் அடியில் பொன்னிறமாக ஒரு காந்தல் பிடிக்கும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் போட்டி.

இதில் கவனிக்க வேண்டியது அரிசியின் வயசு. மேட்டூர் அணை பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்த வருடம் என்றால், புரட்டாசி, ஐப்பசியில் குறுவை என்கிற குறுகிய காலப் பயிர் அறுவடையாகி, அந்தப் புது அரிசி வீட்டுக்கு வந்துவிடும். புது அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும். பழைய கணக்கில் தண்ணீர் வைத்தால் உப்புமா குழைந்து பொங்கல் மாதிரி ஆகிவிடும். அந்த மாதங்களில் நான் ரவையை வெறும் வாணலியில் சூடேற வறுத்துக்கொண்டு, தண்ணீரை இரண்டு டம்ளரோடு நிறுத்திவிடுவேன். அப்போதும் பழைய அரிசியின் உதிரி வராது.

மோர்க்களிக்கு அரிசியின் வயசு பெரிய விஷயமில்லை, மோரின் வயசுதான் முக்கியம். ஒரு டம்ளர் அரிசி மாவை மூன்று டம்ளர் புளித்த மோரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், நாலு மோர்மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறினால் பத்து நிமிஷத்தில் சுருண்டு வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். மோர்மிளகாயிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் குறைத்துப் போடுங்கள். எண்ணெயில் மட்டும் கஞ்சம் வேண்டாம். மோர் புளிக்காத நாளில் இதைத் தொடவே தொடாதீர்கள், வெறும் மாவுப் பசையாகத்தான் இருக்கும். அன்றைக்கு உப்புமா.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. மிக்ஸி ஓடாமல் அரிசி எங்கே உடைப்பது? நொய் வைத்திருந்தவர்கள் உப்புமா கிண்டினார்கள். எங்களுக்கு மாவு டப்பாதான் கைகொடுத்தது. ஃபிரிட்ஜ் நின்றுபோனதில் தயிரும் தானாகவே புளித்திருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் களி கிளறியதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. கொல்லையில் நின்ற ஆறு தென்னையில் நாலு அந்தப் புயலோடு போயிற்று. அதுவரை உப்புமாவில் ஒரு மூடி தேங்காய் துருவிப் போடுவதற்கு யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்கிறேன். களிக்குத் தேங்காயே வேண்டாம்.

தொட்டுக்கொள்ள என்ன என்றால், உப்புமா கொஞ்சம் கேட்கும். கத்திரிக்காய் கொத்சு உத்தமம். காய் இல்லாத நாளில் அந்தச் சின்ன வெங்காயத்தை வதக்கிப் புளி வைத்து ஒரு துவையல். களிக்கு அதிலேயே கிடக்கும் மோர்மிளகாய் போதும்.

ஆனால் ஆள் கூடினால் களி தாங்காது. நாலு பேருக்கு மேல் கிளறினால் தோள்பட்டை விட்டுப்போகும். அதோடு அதைச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். தஞ்சாவூரில் வேலை முடித்துக் கடைசி பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு எடுத்து வைத்தால் கட்டியாகிவிடும். அவன் லேட்டாக வருகிற நாளில் வெண்கலப் பானையை இறக்கி உப்புமாதான் வைக்கிறேன். ஒன்பதரைக்குத் திறந்தாலும் உள்ளே சூடு இருக்கும், காந்தலும் அவனுக்காக அடியில் அப்படியே இருக்கும்.